அரைப் பெடல் சிட்டம்மாவும் ஏழு சவாரிக்காரர்களும்

ஒரே ஒரு ஊர்ல, ஊர் பேரு மிதியூர், அந்த ஊருக்கு ஒரு ராஜா இருந்தார். மற்ற ராஜாவுக்கெல்லாம் யானை இருக்கும், குதிரை இருக்கும், தேர் இருக்கும். இந்த ராஜாவுக்குச் சைக்கிள். யானை எங்கே போச்சு என்று கேட்காதே, தீனி போட்டு மாளாமல் காட்டுக்கே அனுப்பிவிட்டார். ராஜா சைக்கிளில் போவார், அவர் பின்னால் மந்திரி சைக்கிளில் போவார், மந்திரி பின்னால் சேனாதிபதி போவார், அப்புறம் ஊரே சைக்கிளில் போகும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். புதுசாக ஓட்டக் கற்றவர்கள், ஆணோ பெண்ணோ, ஊருக்குள் ஏறி ஓட்டுவதற்கு முன்னால் வண்டியை அரண்மனை வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். வண்டிக்குப் பொட்டு வைத்து, முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். ஏறி, பழத்தை நசுக்கி, அங்கிருந்து கடைவீதி முனை வரைக்கும் கால் ஊன்றாமல் ஓட்ட வேண்டும். கால் தரையில் பட்டதோ, அடுத்த வருஷம் வரைக்கும் ஊருக்குள் அந்த வண்டியை உருட்டிக்கொண்டுதான் போகலாம், ஏறக் கூடாது.

கால் பட்டதா படவில்லையா என்று பார்க்க ஏழு பேர். ஏழு சவாரிக்காரர்கள் என்று ஊரில் பேர். அரண்மனை வாசல் கிணற்றுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், அதைத் தவிர வேலை கிடையாது. அவர்களில் பெரியவன் வேலாண்டி. இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டுவான், ஓட்டிக்கொண்டே தலை சீவுவான், சீவிக்கொண்டே பாட்டுப் பாடுவான். சைக்கிள் லேசாக இருக்க வேண்டும் என்று ஏழு பேரும் கேரியரைக் கழற்றிப் போட்டார்கள், மட்கார்டைக் கழற்றிப் போட்டார்கள், மணியையும் கழற்றிப் போட்டார்கள். நாங்க என்ன புல்லுக்கட்டா ஏத்தப் போறோம் என்று கேட்பார்கள்.

அதே ஊரில் சிட்டம்மா என்று ஒரு மருத்துவச்சி. நாற்பத்தைந்து வயசு, ஆள் குள்ளம், கை மட்டும் பெரிசு. பிள்ளைப்பேறு பார்க்கிறவள். சுற்றுப்பட்டு மூணு ஊருக்கும் அவள் ஒருத்திதான். எங்கே வலி என்று ஆள் வந்தாலும் எண்ணெயும் துணியும் வைத்த பையை எடுத்துக்கொண்டு நடப்பாள்.

போன ஐப்பசியில் மேற்கே முடுக்கூரிலிருந்து ஆள் வந்தது. அடைமழை. நடந்தாள், ஓடினாள், சேற்றில் விழுந்து எழுந்து போனாள். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்துவிட்டது, ஆனால் அழவில்லை. இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அப்புறம் அவள் அண்ணன் வீட்டில் சும்மா கிடந்த சைக்கிளைக் கேட்டு வாங்கினாள். பெரிய பார் வைத்த ஆம்பளை வண்டி. சீட் அவள் நெஞ்சு உயரம். என்ன செய்வாள்? சேலையைக் கொசுவி இடுப்பில் செருகினாள், பாருக்கு அடியில் காலை விட்டாள், பெடலைப் பாதி மிதித்துப் பாதி திருப்பினாள். அரைப் பெடல். எட்டு வயசுப் பிள்ளைகள் அப்படித்தான் கற்கும், பார்த்திருக்கிறாய்தானே? நாற்பத்தைந்து வயசுப் பொம்பளை உடம்பை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு அப்படி ஓட்டினாள்.

மழை போய் வெயில் காலம் வந்ததும், வற்றின ஏரிக்குள் விடிகாலையில் கொண்டுபோய் ஓட்டுவாள். முதல் நாள் விழுந்தாள், முழங்கால் போச்சு. இரண்டாம் நாள் விழுந்தாள், முழங்கை போச்சு. மூணாம் நாள் விழவில்லை. ஒரு மாசத்தில் ஏரியை மூணு சுற்று சுற்றினாள், காற்று காதில் பாடியது.

ஆனால் யாராவது பார்த்தால் போச்சு. கரையில் ஒரு தலை தெரிந்தால் ஹேண்டில் ஆடும். உடனே இறங்கி, செயின் கழன்றது மாதிரி குனிந்துகொள்வாள். அந்த ஊரிலேயே அடிக்கடி செயின் கழன்ற வண்டி அதுதான், ஒரு நாளும் கழலாமலே.

ஆகவே எலுமிச்சம்பழத்துக்கு அவள் போகவே இல்லை. யாருக்கு வலி என்றாலும் ஊருக்குள் வண்டியை உருட்டிக்கொண்டு போய், கடைவீதி தாண்டி, புளியந்தோப்பு தாண்டி, ஆள் இல்லாத இடத்தில்தான் ஏறுவாள். கிணற்றுச் சுவரைத் தாண்டும்போது ஏழு பேரும் விடுவார்களா? ஒரு நாள், சிட்டக்கா வண்டிக்கு நடை பழக்குது என்றார்கள். இன்னொரு நாள், வண்டிக்கு இடுப்பு வலியா, பிரசவம் உங்க கையாலதானா என்றார்கள். மூணாம் நாள் வேலாண்டி கிணற்றுச் சுவரிலிருந்து குதித்து, உடம்பைக் கோணலாக்கி, சேலை செருகுகிற மாதிரி செருகி, அரைப் பெடல் மிதிக்கிற மாதிரி நடித்துக் காட்டினான். அப்படியானால் அவள் ஓட்டுவதை எப்போதோ பார்த்திருக்கிறான். கடைவீதியே சிரித்தது. அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தே போய்விட்டாள்.

மறுநாள் ஏரிக்குப் போனாள், ஓட்டவில்லை. வண்டியைப் படுக்கப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குட்டைச் சேற்றில் ஒரு எருமை படுத்திருந்தது. அந்தக் காலத்தில் எருமைக்குப் பேச்சு வரும், அவசரப்படாமல் கேட்க ஆள் இருந்தால்.

ஏன் ஓட்டலை என்று எருமை கேட்டது. இவள் எல்லாவற்றையும் சொன்னாள். உனக்கென்ன, நடுரோட்டில் நின்று சாணி போட்டாலும் வெட்கம் கிடையாது, எனக்கு அப்படியா என்றாள். எருமை கொஞ்ச நேரம் அசைபோட்டது. அப்புறம் மூணு கேள்வி கேட்டது.

"அந்த ஏழு பேர்ல செருப்பு போடாதவன் யாரு?"

தெரியாது என்றாள்.

"எவனுக்குப் பல்லு போயிருக்கு?"

தெரியாது என்றாள்.

"நேத்து எவன் முகம் வாடியிருந்துச்சு?"

எனக்கு எப்படித் தெரியும், நான் எங்கே அவர்களைப் பார்த்தேன் என்றாள்.

"நித்தம் அவங்களை நினைச்சே சாகுற. ஒரு நாளும் அவங்களைப் பாக்கல. நீ பாத்தது பூராவும் உன்னையத்தான், சிட்டு."

சொல்லிவிட்டு எருமை சேற்றில் புரண்டுகொண்டது. அவளுக்குக் கோபம் வந்தது. எருமையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டால் யாருக்குத்தான் வராது? வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் சொன்னது மனசை விட்டுப் போகவில்லை, முள் மாதிரி கிடந்தது.

அப்புறம் எட்டு நாள் போச்சு. நல்ல உச்சி வெயில். முடுக்கூரிலிருந்து ஒருத்தன் மூச்சிரைக்க ஓடி வந்து அரண்மனை வாசலில் விழுந்தான். வேலாண்டியின் பெண்டாட்டிக்கு முடுக்கூர்தான் தாய்வீடு, முதல் பிள்ளைக்கு அங்கே போயிருந்தாள், அவளுக்குக் காலையிலிருந்து வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மருத்துவச்சி உடனே வர வேண்டும் என்றான்.

சிட்டம்மாவைக் கூப்பிட்டார்கள். பையை எடுத்து வண்டியில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தாள். வேலாண்டி முகம் வெளுத்துப் போய், நான் ஏற்றிக்கொண்டு பறக்கிறேன், உட்காருங்க என்றான். எங்கே உட்காருவாள்? கேரியர் இல்லை. முன்னால் பாரில் உட்கார வைத்து மிதித்தான். கையை விட்டு ஓட்டினவனுக்குக் கனம் பழக்கமில்லை, நாலு முழம் போய் இரண்டு பேரும் விழுந்தார்கள், முன்சக்கரம் வளைந்துபோச்சு. இரண்டாமவன் நான் பார்க்கிறேன் என்று ஏற்றினான், ஆறு முழம் போய் விழுந்தான். மூணாமவன் ஏற்றினான், வளையல் கடைக்குள்ளேயே போய் விழுந்தான். மிச்ச நாலு பேரும் காலைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

சிட்டம்மா சேலை மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். அவள் வண்டி கிணற்றுச் சுவரில் சாய்ந்திருந்தது. ஊரே நிற்கிறது. ராஜா வாசலில் நிற்கிறார். வழக்கம்போல் புளியந்தோப்பு வரைக்கும் உருட்டினால் நேரம் போய்விடும், போன ஐப்பசி மாதிரி ஆகும். ஏறினால் அரைப் பெடல், உடம்பைச் சாய்த்துக்கொண்டு, எல்லார் முன்னாலும்.

சேலையைச் செருகினாள். அப்போது எருமை கேட்ட கேள்வி ஞாபகம் வந்து, தலையைத் தூக்கி ஒவ்வொருத்தரையாகப் பார்த்தாள். வேலாண்டி தரையில் உட்கார்ந்திருந்தான், உதடு துடித்தது, முழங்கையில் ரத்தம் வழிவதுகூட அவனுக்குத் தெரியவில்லை. இரண்டாமவன் தன் வண்டியைத் தடவிக்கொண்டிருந்தான். மூணாமவன் வேட்டி கிழிந்ததை யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத்தான் பல் போயிருந்தது. இத்தனை நாள் பயந்தது இவர்களுக்கா என்று நினைத்தாள். பாவமாகக்கூட இருந்தது.

காலைப் பாருக்கு அடியில் விட்டாள். பழகின வாய் சும்மா இருக்குமா, நாலாமவன், இன்னும் பழம் நசுக்காத வண்டி ஆச்சே என்றான்.

"பழம் இருக்கட்டும் தம்பி. புள்ள பொறந்து வந்து நசுக்குறேன்."

வழியில் நின்ற தன் சைக்கிளை ராஜாவே நகர்த்தி ஓரமாக விட்டார்.

மிதித்தாள். வாசலிலேயே ஒரு தடவை கால் ஊன்றியது. திரும்ப மிதித்தாள். வளையல் கடை முன்னால் ஒரு தடவை ஊன்றியது. கடைக்காரி களுக்கென்று சிரித்தாள். சிட்டம்மாவுக்குக் கேட்டது, நல்லாவே கேட்டது. கேட்டுக்கொண்டே மிதித்தாள். கடைவீதி முனையில் மூணாவது தடவை ஊன்றியது. அப்புறம் ஊன்றவில்லை. புளியந்தோப்பு போச்சு, ஓடைப்பாலம் போச்சு, முடுக்கூர் வந்துவிட்டது.

எண்ணெய் தொட்டு, அந்தப் பெரிய கையால் வயிற்றைத் தடவித் தடவி, பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். பொழுது சாய்கிற நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. மூணு வீடு கேட்க அழுதது. சிட்டம்மா வெளியே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தாயும் பிள்ளையும் சுகம்.

மறுநாள் ராஜா ஏழு பேரையும் கூப்பிட்டார். கால் ஊன்றுவதைப் பார்க்கிற வேலை இன்றோடு முடிந்தது, இனி அந்த வழக்கமே வேண்டாம் என்றார். ஏழு பேரும் வண்டிக்குக் கேரியர் மாட்ட வேண்டும், ஊரில் நடக்க முடியாதவர்கள் யார் கூப்பிட்டாலும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அதுவும் கடைவீதி வழியாக. வேலாண்டிக்கு முதல் சவாரி, பிள்ளை பிறந்த சேதி சொல்ல முடுக்கூரிலிருந்து நடந்து வந்து கால் ஓய்ந்துபோன அவன் மாமியார். அந்த அம்மாள் கொஞ்சம் கனம்.

ஹேண்டில் இந்தப் பக்கம் போச்சு, அந்தப் பக்கம் போச்சு. இவன் ஒரு தடவை கால் ஊன்றினான், இரண்டு தடவை ஊன்றினான், மூணு தடவை ஊன்றினான். பின்னாலிருந்து மாமியார், மாப்பிள்ளை மெதுவா, மாப்பிள்ளை மெதுவா என்றாள். கடைவீதி மொத்தமும் பார்த்தது. வேர்த்து ஊற்றியது அவனுக்கு. அந்த நேரம் பார்த்து எதிரே சிட்டம்மா, அரைப் பெடலில், சாய்ந்துகொண்டு வருகிறாள். இன்று என்ன சொல்லப் போகிறாளோ, எப்படிச் சிரிக்கப் போகிறாளோ என்று தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. கிழக்கே ஒருத்திக்கு வலி எடுத்திருந்தது, மணியை அடித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவ்வளவுதான் கதை. ஊர் கண்ணெல்லாம் நம்ம மேலேதான் என்று நினைக்கிறவர்கள் வாசலிலேயே நிற்பார்கள், அவசரம் இருக்கிறவர்கள் போய்ச் சேருவார்கள். அவள் போய்ச் சேர்ந்தாள், பிள்ளை தூங்கியது, நீயும் தூங்கு.