முதலில் எழுந்தது யார்

"எல்லாத்துக்கும் எப்படிங்க டீச்சர் நேரம் ஒதுக்கறது?" என்று கேட்டாள் ரேணுகா.

கேட்டுக்கொண்டே மகளின் புல்லாங்குழலைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். இன்னொரு கையில் கார் சாவி இருந்தது.

தமயந்தி டீச்சர் குழலை வாங்கிக்கொண்டார். சாவியைப் பார்த்தார்.

திருப்பூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அந்தக் குழல் வகுப்பு நடந்தது. டீச்சர் ரேணுகாவைவிடப் பத்து வயது சின்னவர். ரேணுகாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அதிகம் பேச மாட்டார்.

அவருக்கும் சேர்த்து ரேணுகா பேசினாள்.

மிருதுளா நாலாம் வகுப்பு. விடிந்ததும் நீச்சல். மாலையில் ஒருநாள் அபாகஸ், ஒருநாள் ஸ்கேட்டிங். சனி, ஞாயிறு கராத்தே, ஓவியம், இப்போது புதிதாகக் குழல். நடுவில் பள்ளிக்கூடம் வேறு இருந்தது.

மூத்தவன் அகிலனுக்குப் பத்தாம் வகுப்பு. அவன் டியூஷனிலேயே குடியிருந்தான். அப்பா தனபால் பனியன் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தார். கன்டெய்னர் கிளம்பினால்தான் அவரும் வீட்டுக்குக் கிளம்புவார். ரேணுகாவுக்கு வங்கி வேலை, வங்கி விட்டால் கார் ஓட்டும் வேலை.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. சின்ன வயதில் நடனம் கற்றுக்கொள்ள அவளுக்குக் கொள்ளை ஆசை. பஸ் ஏற்றிக் கூட்டிப்போக வீட்டில் ஆள் இல்லை. அந்த ஏக்கம் தன் மகளுக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை ஓட்டமும்.

"ஆனா டீச்சர்," என்றாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "இவ பேசறதே இல்லீங்க."

முன்பெல்லாம் காரில் ஏறினால் வாய் மூடாத பிள்ளை. ரேடியோவே போட வேண்டாம். இப்போது ஏறி உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்வி, "அடுத்து எங்கம்மா?" அதோடு சரி. அதுதான் ரேணுகாவைப் பயமுறுத்தியது. பிள்ளை எங்கேயோ கைநழுவிப் போகிறாள் என்று தோன்றியது.

டீச்சர் மிருதுளாவை உட்காரவைத்து, ஆரம்பப் பாடமான சரளி வரிசையின் முதல் வரியை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அவள் ஓரளவு பிடித்துக்கொண்டாள்.

"வீட்ல நாலு பேரும் ஒண்ணா உக்காருங்க," என்றார் டீச்சர் ரேணுகாவிடம். "இந்த வரிய இவ வாசிக்கட்டும். இவ எந்திரிக்கற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது. அதுக்கப்புறம் ரெண்டாவது வரி."

இவ்வளவுதானா என்று ரேணுகாவுக்குச் சிரிப்பு வந்தது. பால் பொங்கும் நேரம்கூட ஆகாது.

&nbsp;

அடுத்த சனிக்கிழமை டீச்சர் மிருதுளாவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"யாரு முதல்ல எந்திரிச்சாங்க?"

"யாரும் உக்காரவே இல்லீங்க டீச்சர்."

ரேணுகா அவசரமாகக் குறுக்கிட்டாள். வாசித்ததை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று, அப்பா கட்டைவிரல் அனுப்பினார், அண்ணன் கைதட்டல் அனுப்பினான், எல்லாரும் பார்த்தாயிற்று என்றாள்.

டீச்சர் குழலைத் திருப்பிக் கொடுத்தார். அதே முதல் வரி.

&nbsp;

"யாரு முதல்ல எந்திரிச்சாங்க?"

"அப்பா. போன் வந்துச்சு."

அதே வரி.

&nbsp;

"யாரு முதல்ல எந்திரிச்சாங்க?"

"அண்ணா. டியூஷன்ல டெஸ்ட்டுன்னான்."

அதே வரி.

&nbsp;

அடுத்த வாரம் ரேணுகா தெம்பாக வந்தாள். கணவரின் போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்திருந்தாள். மகனை மிரட்டி உட்காரவைத்திருந்தாள். இந்த முறை டீச்சர் கேட்க ஒன்றுமில்லை என்று நினைத்தாள்.

"யாரு முதல்ல எந்திரிச்சாங்க?"

மிருதுளா தரையைப் பார்த்தாள். மெதுவாக அம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லு கண்ணு," என்றாள் ரேணுகா.

"அம்மா. ஸ்கேட்டிங்குக்கு நேரமாச்சுன்னு பாதியிலயே காரை எடுக்கப் போயிட்டாங்க."

ரேணுகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இவளோடு சேர்ந்த பிள்ளைகள் அடுத்த பாடமான ஜண்டை வரிசைக்கே போய்விட்டார்கள் என்றாள். ஒரு மாதமாக ஒரே வரியை ஊதவா இவ்வளவு தூரம் வருகிறோம் என்றாள். பாட்டுக் கற்றுக்கொடுக்கச் சொன்னால் குடும்பத்தைக் கணக்கெடுக்கிறீர்களே என்றும் சொல்லிவிட்டாள்.

"வேற டீச்சரைப் பாத்துக்கறேங்க."

"பாருங்கக்கா," என்றார் தமயந்தி டீச்சர். குரலில் கோபம் இல்லை. அவினாசி ரோட்டில் ஒருவர் இருப்பதாகச் சொல்லி அவருடைய எண்ணையும் கொடுத்தார். "நல்லா சொல்லித் தருவாரு. வேகமாவும் போவாரு."

சண்டைக்கு நின்றவளுக்கு எதிரில் ஆளில்லை. ரேணுகா எண்ணை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

காரில் ஏறியதும் மிருதுளா கேட்டாள். "அடுத்து எங்கம்மா?"

&nbsp;

திங்கட்கிழமை விடியற்காலை நீச்சலுக்கு எழுப்பப் போனாள் ரேணுகா. போர்வையை விலக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பிள்ளை நீச்சல் உடையோடு படுத்திருந்தாள். தலையில் நீச்சல் தொப்பி. இரவெல்லாம் அப்படியே தூங்கியிருக்கிறாள். காதோரம் ரப்பர் அழுத்திச் சிவந்து தடித்திருந்தது.

"ஏன் கண்ணு இப்படி?"

மிருதுளா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "எழுப்பறப்ப நேரமாச்சு நேரமாச்சுன்னு சொல்வீங்கல்லம்மா. அதான்."

ரேணுகா கட்டிலில் உட்கார்ந்தாள். தொப்பியை மெல்லக் கழற்றினாள். சிவந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். இத்தனை நாளும் பிள்ளைக்கு எதையெதையோ கொடுத்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்திருந்தாள்.

"எல்லாத்துக்கும் போக வேண்டாம். சிலதை விட்டுடலாம். எதை விடலாம், நீயே சொல்லு."

மிருதுளா இப்போது முழுதாக விழித்துக்கொண்டாள். எழுந்து உட்கார்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பதிலை அங்கே தேடுகிற மாதிரி இருந்தது.

"எதை விட்டா நீங்க வருத்தப்பட மாட்டீங்க?"

ரேணுகாவால் அழுகையை அடக்க முடியவில்லை. பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்று நீச்சலுக்கு யாரும் போகவில்லை. வெயில் ஜன்னலில் ஏறும்வரை இரண்டு பேரும் தூங்கினார்கள். பள்ளிக்கூடத்துக்கே தாமதம்தான்.

அந்த வாரம் ரேணுகா சில இடங்களுக்குப் போன் செய்தாள். அபாகஸ் நின்றது. ஸ்கேட்டிங் நின்றது. கராத்தே அடுத்த லீவுக்குத் தள்ளிப்போனது. ஓவியத்தை வீட்டிலேயே வரைந்துகொள்கிறேன் என்றாள் மிருதுளா. நீச்சல் மட்டும் வேண்டும் என்று அவளே கேட்டாள். குழலைப் பற்றிக் கேட்டபோது, "அந்த டீச்சர்கிட்டயே," என்றாள்.

அவினாசி ரோட்டு எண் ரேணுகாவின் கைப்பையிலேயே கிடந்தது.

&nbsp;

மறுபடி மாடிப்படி ஏறும்போது ரேணுகாவின் கால் கொஞ்சம் பின்வாங்கியது. பேசிய பேச்சுக்கு எந்த முகத்தோடு போய் நிற்பது?

டீச்சர் எதுவுமே நடக்காத மாதிரி பாயை விரித்தார். "வாங்கக்கா."

"மன்னிச்சிருங்க டீச்சர்," என்றாள் ரேணுகா. "ஆனா இந்த வாரமும் நடக்கலீங்க."

நடந்ததைச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு பேரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். தனபால் கம்பெனிக்கு வர முடியாதென்று சொல்லிவிட்டிருந்தார். மிருதுளா குழலை உதட்டில் வைத்தாள். ஊதினாள். பாதி ஸ்வரத்தில் நிறுத்திவிட்டு, "அப்பா, ஒண்ணு சொல்லட்டா?" என்றாள்.

சொல்ல ஆரம்பித்தவள்தான். நீச்சல் குளத்துக் குழாயில் குடியிருக்கும் தவளையைப் பற்றிச் சொன்னாள். அதற்கு அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண் இடம் மாறிப்போனதையும், தான் பாத்ரூமுக்குப் போய் அழுததையும் சொன்னாள். அது மாதக் கணக்காகிவிட்டதாம், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அகிலன் தங்கையின் தலையைத் தட்டிக்கொடுத்தான். கராத்தே மாஸ்டர் கொட்டாவி விடுவதை அவள் செய்து காட்டியபோது தனபால் கண்ணில் நீர்வரச் சிரித்தார். வெளியே இருட்டிவிட்டது. குழல் அவள் மடியிலேயே கிடந்தது.

"வாசிக்கவே இல்லீங்க," என்றாள் ரேணுகா. "பேசிட்டே இருந்துட்டா. அந்த ஒரு வரிய முடிக்கல. தப்பு எங்க மேலதாங்க, நாங்களும் ஞாபகப்படுத்தல."

தமயந்தி டீச்சர் தலையாட்டினார். மிருதுளா பக்கம் திரும்பினார்.

"யாரு முதல்ல எந்திரிச்சாங்க?"

மிருதுளா யோசித்தாள். அப்பாவில் தொடங்கி ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"யாரும் எந்திரிக்கலீங்க டீச்சர். அடுப்புல பருப்பு தீஞ்சு வீடெல்லாம் வாசம் வந்துச்சு. அம்மாகூட எந்திரிக்கல."

டீச்சர் குழலை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"ரெண்டாவது வரி," என்றார்.