மேற்கே கால் நீட்டி

“பயமா இருக்கு அமலோற்பவம்,” என்றார் ஞானாதிக்கம் சாமி.

அவள் பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எதுக்குப் பயம் சாமி?”

“சாவுக்குத்தான். வேற எதுக்கு?”

சொல்லிவிட்டு அவரே சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாவை விரட்டி விரட்டி அடிக்கிற மனுஷன் அவர். பங்குச் சாமியாருக்கே பயம் என்று தெரிந்தால் ஊர் சும்மா இருக்குமா? நல்லவேளை, அந்தத் தேரியில், செம்மணல் மேட்டில், காற்றைத் தவிர வேறு ஆள் இல்லை.

ஈரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆயரிடம் சொன்னால் தியானத்துக்கு அனுப்புவார். கூடப் படித்த சாமியார்களிடம் சொன்னால், ஜெபிக்கிறேன் என்பார்கள். அப்புறம் பேச்சை மாற்றுவார்கள். எல்லாருக்கும் ஆறுதல் சொல்லித் திரிகிறவருக்கு ஆறுதல் சொல்ல ஆள் கிடைப்பது அவ்வளவு லேசில்லை.

அதனால்தான் அமலோற்பவத்திடம் வந்தார்.

அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே அவர்தான். தலையில் தண்ணீர் பட்டதும் கோயிலே அதிரும்படி அலறிய பிள்ளை. இப்போது அவளுக்கும் நரைக்கத் தொடங்கியிருந்தது. மடத்திலும் சேரவில்லை, கல்யாணமும் கட்டவில்லை. தேரியோரம் ஒரு குடிசை. யார் வீட்டில் யார் சாகக் கிடந்தாலும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். பேச்சு அதிகம் இருக்காது. ஆனால் அவள் பக்கத்தில் இருக்கும்போது யாரும் பயந்து செத்ததாகச் சாமிக்கு நினைவில்லை.

“சாகக் கிடந்த எத்தனை பேருக்கு எண்ணெய் பூசியிருப்பேன்! கையைப் பிடிச்சு, ‘பயப்படாத, அந்தப் பக்கம் வெளிச்சம் இருக்கு’ன்னு சொல்லி அனுப்பியிருப்பேன். அவுகளும் நம்பிப் போனாக. ஆனா நான் ஒரு பொட்டு வெளிச்சத்தையும் பாத்ததில்ல தாயி. அத்தனை பேரையும் ஏமாத்திட்டனோ?”



அவள் ஒரு கிழங்கை நீட்டினாள்.

“சாப்பிடுங்க.”

சாப்பிட்டார்.

“நீ பாத்திருக்கியா?” என்று கேட்டார்.

“எதை?”

“அத்தனை பேர் பக்கத்துல உக்காந்திருக்கியே. கடைசி நேரத்துல அவுக எதையோ பாக்காகளே, அதை.”

“அவுக அதைப் பாக்காக. நான் அவுகளைப் பாக்கேன்.”

இதெல்லாம் ஒரு பதிலா என்று சாமிக்குக் கோபம் வந்தது. இதற்காகவா இந்த வெயிலில் மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்தோம்?

“அது கிடக்கட்டும். கோயில்பிள்ளைகிட்ட என்னமோ சொல்லி வச்சீங்களாமே?” என்றாள் அவள்.

கிழங்கு அவர் தொண்டையில் சிக்கியது. கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையிடம் ரகசியம் சொல்வதும் கோயில் மணியை அடிப்பதும் ஒன்றுதான். தெரிந்தும் சொன்னது இவர் தப்பு.

“ஒண்ணுமில்ல. என்னைப் புதைக்கும்போது எல்லாரையும் மாதிரி வைக்கச் சொன்னேன். கிழக்க கால் நீட்டி.”

“சாமிமாரை அப்படி வைக்க மாட்டாகளே.”

“தெரியும்.”

அந்தப் பங்கின் வழக்கம் அது. ஜனங்களைக் கிழக்கே கால் நீட்டிப் புதைப்பார்கள். கடைசி நாளில் செத்தவர்கள் எழும்பும்போது ஆண்டவர் கிழக்கிலிருந்து வருவார். எழுந்ததும் அவர் முகத்தில் விழிக்க வேண்டும் என்று. சாமிமாரை மட்டும் கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மேற்கே கால் நீட்டிப் புதைப்பார்கள். அவர்கள் தங்கள் ஜனங்களின் முகத்தில் விழிக்க வேண்டும் என்று.

“அப்போ எதுக்கு மாத்தச் சொல்லுதீங்க?”

“அன்னைக்காவது பாக்கணும்லா! உயிரோட இருக்கையில பாக்கல. எழும்புத அன்னைக்கும் ஆண்டவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டா எழும்பணும்? என்ன நியாயம் இது?”

அமலோற்பவம் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு விடியுமுன்ன கல்லறைத் தோட்டத்துக்கு வாங்க சாமி.”

*

விடியுமுன் பனி இறங்கியிருந்தது. சிலுவைகள் தெரிந்தும் தெரியாமலும் நின்றன. கடல் எங்கேயோ மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சாமிக்கென்று குறித்து வைத்திருந்த இடத்தில் அமலோற்பவம் ஒரு பாயை விரித்திருந்தாள்.

“படுங்க.”

“இங்கேயா?”

“எப்படியும் படுக்கப்போற இடம்தான. பழகிக்கிடுங்க.”

சாமிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கிழக்கே கால் நீட்டிப் படுத்தார்.

“அது ஜனங்க படுக்குத மாதிரி. நீங்க திரும்பிப் படுங்க.”

“ஏ தாயி...”

“திரும்பிப் படுங்க சாமி.”

முனகிக்கொண்டே திரும்பிப் படுத்தார். பாய்க்கு அடியில் மணல் முதுகுக்கு இதமாக இருந்தது. மருந்தின் மயக்கமோ, பனியின் குளுமையோ, கண் சொருகியது. பயம்கூடக் கொஞ்சம் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது.

எவ்வளவு நேரம் போனதோ.

“எழும்புங்க” என்று ஒரு குரல் கேட்டது. அமலோற்பவத்தின் குரல்தானா என்று நிச்சயமாகத் தெரியவில்லை.

எழுந்து உட்கார்ந்தார்.

பனிக்குள் ஜனங்கள் இருந்தார்கள். அவரவர் இடத்தில், அப்போதுதான் விழித்த ஜனங்கள். ஒருவர் கண்ணைக் கசக்கினார். ஒருத்தி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். பனையிலிருந்து விழுந்து செத்த வியாகப்பன் இருந்தான். தலைப்பிரசவத்தில் போன செங்கோல்மேரி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு கிடந்து, கடைசியில் சாமியின் விரலை விடாமல் பிடித்துக்கொண்டே போன தொம்மந்திரைக் கிழவரும் இருந்தார்.

எல்லாரையும் அவர்தான் மண்ணுக்குள் வைத்தார். எல்லாருக்கும் அவர்தான் வாக்குக் கொடுத்தார். அவர்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவருக்குக் கூசியது.

“என்னைக் கேக்கப் போறாக,” என்று முணுமுணுத்தார்.

யாரும் கேட்கவில்லை. யாரும் அவரைப் பார்க்கவே இல்லை.

அவருடைய தோளுக்கு மேலே, அவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வியாகப்பனின் நெற்றியில் வெளிச்சம் விழுந்தது. பிறகு செங்கோல்மேரியின் கன்னத்தில். அவள் பிள்ளையின் மோவாயைத் தொட்டு, “அங்க பாரு” என்று நிமிர்த்தினாள். பிள்ளை பார்த்தது, இரண்டு கையையும் நீட்டியது. தொம்மந்திரைக் கிழவர் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். அந்த மனுஷன் சிரித்து ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

சாமிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முதுகில் இளஞ்சூடாக ஏதோ பட்டது.

“என்ன தெரியுது சாமி?” என்று அமலோற்பவம் எங்கோ பக்கத்திலிருந்து கேட்டாள்.

“எனக்குப் பின்னால வந்து நிக்காரு.”

“திரும்பிப் பாக்கணுமா?”

கண்ணீர் தாடி வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை.

“பொறும்மா,” என்றார். “இவுக முகத்தை முழுசாப் பாத்துக்கிடுதேன்.”