மூடி மறைக்கச் சொன்ன உண்மை

முன்னொரு காலத்தில், ஊர் முடிகிற இடத்திலேயே காடு தொடங்கிவிடும் ஒரு நாட்டின் அரசன் வேட்டைக்குப் போனான். புதரிலிருந்து காட்டுப்பன்றி பாய்ந்து வந்ததும் ஈட்டியைப் போட்டுவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டான். பல்லக்குத் தூக்கும் மாடன்தான் அந்த ஈட்டியை எடுத்துப் பன்றியைக் குத்திக் கொன்றான். அதற்குள் அது அவன் தொடையைக் கிழித்துவிட்டது.

பன்றியைக் கொன்றவர் அரசரே என்று அரண்மனையில் பேசிக்கொண்டார்கள். அரசன் மறுக்கவில்லை. ஆனால் விருந்தில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

காட்டில் நடந்ததைப் பார்த்த மற்ற இருவர் விகடகவி சொக்கேசனும் தளவாய் மல்லப்பரும். சொக்கேசன்மேல் பொறாமை கொண்ட மல்லப்பர் அரசனின் காதைக் கடித்தார்.

"விகடகவி இதைப் போட்டு உடைத்துவிடுவான், அரசே. மறைக்கும் பொறுப்பை அவனிடமே விடுங்கள். வெளியே வந்தால் அவன் தலை போகட்டும்."

அரசன் சொக்கேசனை அழைத்தான். அவன் முகத்தைப் பார்க்காமலே, "காட்டில் நடந்த உண்மையை மூடி மறைத்துவிடும். வெளிப்படுத்துகிறவருக்குச் சிரச்சேதம்," என்றான்.

மறுநாள் சபை நடுவே பட்டுத்துணி போர்த்திய ஒரு கட்டில் கிடந்தது.

"என்ன இது?" என்றான் அரசன்.

"தாங்கள் மூடி மறைக்கச் சொன்னது, அரசே. நன்றாகவே மூடியிருக்கிறேன்."

சொக்கேசன் சிக்கிக்கொண்டான் என்று எண்ணிய மல்லப்பர் ஓடிவந்து துணியை இழுத்தார். தொடையில் கட்டோடு மாடன் படுத்திருந்தான்.

"மூடியவன் நான். வெளிப்படுத்தியவர் தளவாய்," என்றான் சொக்கேசன். மல்லப்பர் துணியைக் கீழே போட்டார்.

மாடன் பதறிப்போனான். "மகாராசா, நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. பெண்டாட்டிகிட்டகூட குழியில விழுந்தேன்னுதான் சொன்னேன்."

அரசனால் நிமிர முடியவில்லை. குனிந்தபடியே, "பன்றியைக் கொன்றவன் இவன். நான் மரத்தில் ஏறிக்கொண்டேன்," என்றான்.

சொக்கேசன் பணிவாகக் கேட்டான்: "எந்த மரம், அரசே?"

"இலவ மரம்."

"முள் குத்தவில்லையா?"

"இறங்கும்போதுதான் குத்தியது," என்ற அரசனுக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சபையும் சிரித்தது.

தளவாயின் தலை தப்பியது, பதவி தப்பவில்லை. அரசன் தன் முத்துமாலையைக் கழற்றிச் சொக்கேசனுக்குப் போட்டான். பிறகு மாடனைத் தன் பல்லக்கில் ஏற்றி, கூடவே நடந்து அவன் வீட்டுக்குப் போனான்.

வாசலுக்கு வந்த மாடனின் மனைவியிடம், "அம்மா, உன் புருஷன் குழியில் விழவில்லை," என்று தொடங்கினான். குனிந்த தலை நிமிராமலே மீதியையும் சொல்லி முடித்தான்.