வலப்பக்க இருக்கை

கோத்தகிரி சாலையில், மேகம் வந்து படுத்துக்கொள்ளும் ஒரு திருப்பத்தில் மெஹருன்னிசாவின் பட்டறை இருக்கிறது. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர்; அதை விட்டுவிட்டு, பழைய கார்களின் அடிப்பாகத்தைச் சீர்செய்கிறார். நாற்பது வயது. ஞாயிறுதோறும் அவரிடம் தொழில் கற்க வரும் தணிகாசலத்துக்கு ஐம்பத்தாறு.

அன்று தணிகாசலம் தன் காரிலேயே வந்தார். அறுபத்தொன்பதில் அமெரிக்காவில் செய்தது. எட்டு சிலிண்டர், நீண்ட மூக்கு, ஸ்டியரிங் இடப்பக்கம். காரில் மாற்ற வேண்டியவற்றின் இரண்டு பக்கப் பட்டியல் அவர் கையில்.

“பட்டியல் இல்லாம ஒரு நாளாவது வருவீங்களா சார்?”

“சிரிக்காதீங்க டீச்சர். முன் ஸ்பிரிங்கைக் கெட்டியானதா போடவா? வளைவுல சாயாம பிடிக்கிற ரோல் பாரைத் தடிமனாக்கவா? இல்ல, முன் சேஸையும் பின் சேஸையும் இணைக்கிற சட்டமா? எது முதல்ல?”

“எதுக்கு?”

தணிகாசலம் பட்டியலை மடித்தார்.

“மூணு மாசம் முன்னாடி ஒரு லாரியை முந்தப் போனேன். வண்டி அலைஞ்சு பக்கச் சுவர்ல உரசிடுச்சு. அதுலேர்ந்து கமலவேணி இதுல ஏறுறதில்ல. கட்டின பொண்டாட்டி பஸ்ல போறா, நான் பஸ்ஸுக்குப் பின்னாலயே இதை ஓட்டிக்கிட்டுப் போறேன். அவ மறுபடி பக்கத்துல உட்காரணும் டீச்சர். அவ்வளவுதான்.”

“ஸ்பிரிங் கெட்டியானா வளைவுல சாயாது. ஆனா ரோட்டுல இருக்கிற குழியெல்லாம் அவங்க முதுகுல தெரியும்.” மெஹருன்னிசா கையைத் துடைத்துக்கொண்டார். “அன்னிக்கு அவங்க என்ன சொன்னாங்க?”

“எப்போ?”

“சுவர்ல உரசுறதுக்கு முன்னாடி.”

“ஞாபகம் இல்ல.”

மெஹருன்னிசா சாவிக்குக் கை நீட்டினார்.

“நீங்க அந்தப் பக்கம் ஏறுங்க.”

பதினொரு வருடமாக வைத்திருக்கும் காரில் தணிகாசலம் வலப்பக்கம் உட்கார்ந்ததே இல்லை.

சாலை மேகத்தின் வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தது. சில்வர் ஓக் மரங்கள் வேரில்லாமல் நின்றன. எஞ்சின் சத்தம் பக்கத்து மலையிலிருந்து வருவது போலிருந்தது. கார் நகர்கிறதா, மலை நகர்கிறதா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

தேயிலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று முன்னால் முளைத்தது.

“எனக்கு லாரியோட முதுகுதான் தெரியுது,” என்றார் மெஹருன்னிசா. “எதிர்ல வர்றது உங்க பக்கத்துலேர்ந்துதான் தெரியும். போகலாமா?”

வெள்ளைக்குள் இரண்டு மஞ்சள் பொட்டுகள், நேராகத் தணிகாசலத்தின் முகத்தை நோக்கி வந்தன.

“வேணாம்!”

கார் வேகம் குறைந்து லாரிக்குப் பின்னால் அடங்கியது. பேருந்து ஒன்று அவர் தோளை ஒட்டிக் கடந்தது. அவர் கைகள் டேஷ்போர்டின் விளிம்பைப் பிடித்திருந்தன. அந்த விளிம்பில் ஏற்கெனவே நகக்கீறல்கள் இருந்தன. பல வருடம் முந்தியவை, சில மாதம் முந்தியவை.

“இப்போ?”

“வேணாம்.”

“இப்போ?”

அவர் எதிர்ச்சாலையை நெடுநேரம் பார்த்தார்.

“வேணாம் டீச்சர்.”

நான்கு கிலோமீட்டர் லாரிக்குப் பின்னாலேயே மிதந்தார்கள். இதே இருக்கையிலிருந்து இதே வார்த்தையைத்தான் கமலவேணி அன்று சொன்னாள். பிறகு இன்னும் உரக்கச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவர் கால் ஆக்சிலேட்டரை அழுத்தியது. இதை மறந்திருந்தேனா, மறந்ததாக வைத்திருந்தேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

திரும்பி வந்து மெஹருன்னிசா பட்டறை வாசலில் எஞ்சினை நிறுத்தியபோது தணிகாசலம் இறங்கவில்லை. பட்டியலை மடியில் விரித்தார்.

“எதை முதல்ல மாத்தலாம் டீச்சர்?” என்று கேட்டார்.

மெஹருன்னிசா சாவியைப் பட்டியலின் மேல் வைத்தார்.

“மூணு தடவை வேணாம்னீங்க. மூணு தடவையும் வண்டி அடங்குச்சு. இதுல இருக்கிறது அதே பழைய ஸ்பிரிங்தான் சார்.”