இரவல் நடை

ஜவுளிக்கடை முதலாளி தணிகாசலத்துக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. "தினமும் நடந்தே ஆகணும்" என்றார் டாக்டர். முதலாளியோ, அடி எண்ணும் கைக்கடிகாரத்தைக் கழற்றி டிரைவர் சூசையிடம் நீட்டினார்.

"எனக்குப் பதிலா நீ நட. என் சர்க்கரை இறங்கலைன்னா உனக்கு வேலை கிடையாது."

சூசை அதைக் கட்டிக்கொண்டு தினமும் வேர்க்க விறுவிறுக்க நடந்தான்.

அடுத்த முறை ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறியது. "சர்க்கரை இன்னும் ஏறியிருக்கு. கால் வேற மரத்துப்போக ஆரம்பிச்சிடுச்சு. இப்படியே விட்டா அந்தக் காலையே எடுக்க வேண்டி வரும்."

முதலாளி, கூட வந்திருந்த சூசை பக்கம் திரும்பினார். "என்னடா நடந்தே நீ?"

"நல்லாத்தான் நடந்தேன் முதலாளி, என் பேண்ட்டு லூசாயிடுச்சு" என்ற சூசை, கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தான். "நடக்கறதுக்கு என் காலைக் கேட்டீங்க, கொடுத்தேன். எடுக்கறதுக்கும் அதையே கேட்டுடாதீங்க."