படிப்பான் புது வேஷம் கட்டாத கதை

கருவிகளுக்கெல்லாம் வாய் இருந்த காலம் அது. மிக்ஸி முணுமுணுக்கும், கடிகாரம் அதட்டும், செல்போனோ வாயை மூடவே மூடாது. அவற்றின் நடுவே புத்தகம் படிக்க உதவும் கருவி ஒன்றும் இருந்தது. படிப்பான் என்று பெயர். அதற்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது.

ஆண்டுதோறும் அது வேதவல்லியின் பட்டறைக்கு ஓடும். அவள்தான் கருவிகளைச் செய்பவள். வெயிலிலும் தெரிகிற எழுத்தைக் கேட்டு வாங்கியது. பிறகு விளக்கு. பிறகு வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கும் பேட்டரி. தண்ணீரில் விழுந்தாலும் சாகாத உடம்பு. அப்படியும் அதற்கு ஆறவில்லை. பக்கத்தில் செல்போன் தினம் ஒரு வேஷம் கட்டிக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஒருநாள் வேதவல்லிக்கு அலுத்துவிட்டது. "நீ கேட்டதெல்லாம் போதும். உன்னை வச்சிருக்கறவங்க ஒரு குறை சொல்லட்டும். பொழுது சாயறதுக்குள்ள வந்து சொல்லு. இல்லேன்னா நான் செல்போன் வேலைக்குப் போயிடுவேன். அப்புறம் உன்னைச் சீண்ட ஆள் இருக்காது."

படிப்பானுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அதை வைத்திருந்த கமலவேணி, தினமும் அரக்கோணம் ரயிலில் வேலைக்குப் போய்வருபவள். அன்று மாலையும் நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி படித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்கிட்ட என்ன குறை?"

கமலவேணி கட்டைவிரலால் அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

"கலர் வேணுமா அக்கா? பாட்டு வேணுமா?"

அவள் காதிலேயே விழவில்லை. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தவித்துப்போன படிப்பான், வேறு வழி தெரியாமல் திரையை அணைத்துக்கொண்டது.

கமலவேணி பதறிவிட்டாள். "ஐயோ, என்ன பண்றே! கதையில அந்தப் பொண்ணு எத்தனையோ வருஷம் கழிச்சு வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியிருக்கா. அம்மா எழுந்து வர்றாங்க. காட்டு!"

"முதல்ல ஒரு குறை சொல்லுங்க."

"நீ நடுவுல வந்தியே, அதுதான் குறை!"

இதைப் போய்ச் சொன்னால் வேதவல்லி புதிதாக என்னத்தைச் செய்து தருவாள்? அடுத்த ஸ்டேஷனில் குதித்து ஓடி, 'பாட்டு கேட்டாங்க' என்று ஒரு பொய் சொன்னால் போதும். புது வேஷம் நிச்சயம். ஆனால் அது ஓடிவிட்டால், கமலவேணி கதையில் அந்த மூடிய கதவின் முன்னாலேயே நிற்க வேண்டும். படிப்பானுக்குக் கோபம் கோபமாக வந்தது. அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தது. மனசு கேட்கவில்லை. விட்ட வரியிலேயே பக்கத்தைத் திறந்தது.

கதையில் அம்மா கதவைத் திறந்தாள். கமலவேணி அத்தனை கூட்டத்திலும் அழுதாள். கையில் படிப்பான் இருப்பதே அவளுக்கு நினைவில்லை. பொழுது சாய்ந்தது. பட்டறையில் வேதவல்லி கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு செல்போனிடம் போய்விட்டாள்.

அந்தச் சாயங்காலத்திலிருந்துதான் படிப்பான் வாய் திறப்பதில்லை. புது மாடல் என்று வந்தாலும் ஓரம் கொஞ்சம் மெலிந்திருக்கும், அவ்வளவுதான். கையில் வைத்திருப்பவர்கள் அதையும் கவனிப்பதில்லை, படித்துக்கொண்டிருக்கிறார்கள்.