உக்கார முடியாத ராஜாவும் ஒரு பப்பாளிப் பழமும்

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு. இருந்தாருன்னு ஒரு பேச்சுக்குச் சொல்றேன், அவரு எங்க ஒரு இடத்துல இருந்தாரு, நடந்துக்கிட்டேதான கிடந்தாரு! ஏன்னா ராஜா நாலு நாளா வெளிக்கே போகல. சிரிக்காதீங்க, ராஜா வயிறும் வயிறுதான். மூணு வேளையும் கறியும் நெய்ச்சோறும், ஒரு காய் உண்டா, ஒரு கீரை உண்டா? வயிறு கல்லாட்டம் இறுகிப்போய், உக்காரவும் முடியல, படுக்கவும் முடியல.

அரண்மனை வைத்தியர் தினம் பல்லக்குல வந்து இறங்குறவரு, ஒரு பொடி கொடுத்தாரு. ராஜா தின்னாரு, நடந்தாரு, ஒண்ணும் நடக்கல. ரெண்டாந்தரம் கொடுத்தாரு, நடந்தாரு, ஒண்ணும் நடக்கல. மூணாந்தரமும் கொடுத்தாரு, அப்பவும் நடக்கல. வந்துச்சே கோவம் ராஜாவுக்கு!

"நான் தவிக்கிறேன், ஊருல ஒருத்தன் உக்காரலாமா? நான் உக்கார்ற வரைக்கும் எவனும் உக்காரக் கூடாது, மீறினா தலை இருக்காது!"

அப்புறம் என்ன, ஊரே நின்னுச்சு. தறிக்காரர் நின்னாரு, தறி நின்னுச்சு. குயவர் நின்னாரு, சக்கரம் நின்னுச்சு. பூவாயின்னு ஒருத்தி, பிள்ளை பெத்து பதினோரு நாளு, பச்ச உடம்பு, அவளும் நின்னா. நின்னுக்கிட்டே பால் கொடுக்கறா, காலு கிடுகிடுன்னு ஆடுது, கண்ணு இருட்டுது. பிள்ளையைக் கீழ போட்டுடுவோமோன்னு பயந்து அழுதுட்டா பாவம்.

"அழாத தாயி, நீ தின்னாத்தான பிள்ளைக்குப் பாலு"ன்னு மாமியா பப்பாளிக்காய்க் கூட்டைப் பிசைஞ்சு ஊட்டிவிட்டா. அப்பத்தான் பூவாயிக்குச் சுருக்குன்னுச்சு. காலையில பப்பாளிப் பழம் தின்னுட்டுத்தான மாமனாரு நேரம் தவறாம செம்பைத் தூக்குறாரு! கொல்லைக்கு ஓடினா, நல்லாப் பழுத்த பழமாப் பறிச்சா, பிள்ளையை மார்போட அணைச்சுக்கிட்டு அரண்மனைக்கு நடந்தா.

வைத்தியர் குறுக்க வந்தாரு. "காக்கா கொத்துற பழம் மகாராஜாவுக்கா? விஷம் மகாராஜா, விஷம்!"

பூவாயி வைத்தியர் கையில இருந்த அந்தப் பொடியை மோந்து பார்த்தா. அட, இது மாதுளந்தோல் பொடியாச்சே, வயித்தால போறதை நிறுத்தக் கொடுக்கறதாச்சே! வயிறு சரியாயிட்டா தனக்கு ஏது பல்லக்குன்னு, அடைச்ச கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டிருக்கான் பாவி!

அவ சத்தம் போடல. "மகாராசா, இந்தப் பழத்தை நான் முதல்ல தின்னுக் காட்டறேன், அப்புறம் நீங்க தின்னுங்க. அதே மாதிரி ஐயா பொடியை ஐயாவும் திங்கட்டும். உங்களுக்குக் கொடுத்த அதே மூணு பிடி"ன்னா.

"நியாயந்தான்"னாரு ராஜா. வைத்தியர் மெல்லப் பின்னால நகர்ந்தாரு. சேவகன் ஈட்டியைக் காட்டினான். முழுங்கினாரு.

பூவாயி ஒரு துண்டு தின்னுட்டு மீதியை நீட்டினா. ராஜா ஒரு கீத்து தின்னாரு, நடந்தாரு. ரெண்டு கீத்து தின்னாரு, வயிறு கடமுடன்னுச்சு. மூணாவது கீத்து பாதி வாயில இருக்கும்போதே கடமுட கடமுட கடமுட! "வழி விடுங்கடா!"ன்னு எடுத்தாரு பாருங்க ஓட்டம், கிரீடம் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.

எல்லாரும் அவரு போன பக்கமே பார்த்துக்கிட்டு நின்னாங்க. அப்புறம் உள்ள இருந்து ஒரு சத்தம். "அப்பாடா! எல்லாரும் உக்காருங்க!"

தொப்புன்னு ஊரே உக்காந்துச்சு. பூவாயி எங்க உக்காந்தா தெரியுமா? ராஜா சிம்மாசனத்துல! பக்கத்துல அதுதான் இருந்துச்சு, அவளுக்குக் கால் தாங்கல. திரும்பி வந்த ராஜா பார்த்தாரு, சேவகன் வாளை உருவினான். "சத்தம் போடாதடா, பிள்ளை பால் குடிக்குது"ன்னாரு ராஜா.

வைத்தியரா? வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அரண்மனையைச் சுத்திச் சுத்தி வந்தாரு. அதைப் பார்த்ததும் அது என்ன பொடின்னு ராஜாவுக்கு விளங்கிருச்சு. "பொய்ப் பொடி கொடுத்தவன் மட்டும் நிக்கட்டும்"னு உத்தரவாச்சு. வைத்தியர் பப்பாளி வேணும்னு பூவாயி வாசல்ல போய் நின்னாரு. "அது காக்கா கொத்துற பழமாச்சே ஐயா"ன்னு சொல்லிட்டு அவ உள்ள போயிட்டா.

ராஜா உக்காந்தாரு, ஊரு உக்காந்துச்சு, கதையும் உக்காந்துருச்சு. யாரு தட்டுல காயை ஒதுக்கி வச்சது? எழுந்திரு, நீ மட்டும் நில்லு!